ரிஃபாம்பிசினும் வார்ஃபாரினும்: மரபணு உடனே விழிக்கிறது, ஐஎன்ஆர் ஏன் இரண்டு வாரம் கழித்து விழுகிறது?

இந்த நிகழ்வு ஆய்வில் வரும் நோயாளி ஒரு தனி ஆள் அல்ல. செயற்கை இதய வால்வுக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் உட்கொள்பவருக்கு, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் தொடங்கும்போது வழக்கமாக நடப்பதைக் காட்டக் கட்டிய மாதிரி. ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண்; கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் உறைகட்டி அபாயம்) எண்களும் அப்படியே. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் செல் இயக்கமும் மருந்தியலும் உள்ளவை உள்ளபடி.

நோயாளி

வயது 54, பெண், எடை 46 கிலோ, பினாங்குத் தீவில் வசிப்பவர். ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட மைட்ரல் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தப்பட்டவர். ஐஎன்ஆர் 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தினம் மாலை 3.5 மி.கி. வார்ஃபாரின், கையேட்டில் பெரும்பாலும் 2.6 முதல் 3.1 வரையான எண்கள். இரண்டு மாத இருமல், எடைக் குறைவு. சளியில் காசநோய்க் கிருமி உறுதியானது. ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனையில் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை.

செப்டம்பர் நடுவில், புரட்டாசி பிறந்த வாரத்தில், நான்கு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை தொடங்கப்பட்டது. ஒரு மாத்திரையில் ரிஃபாம்பிசின் 150, ஐசோனியாசிட் 75, பைராசினமைட் 400, எதாம்புட்டால் 275 மி.கி. அவர் எடைக்கு நாளுக்கு மூன்று, அதாவது ரிஃபாம்பிசின் 450 மி.கி. காலையில் வெறும் வயிற்றோடு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) போய்த் தாதியின் முன்னால் விழுங்க வேண்டும்.

ஐஎன்ஆர் போன போக்கு

தொடங்கும் நாளில் 2.9. நான்காம் நாள் 3.0. இந்த இரண்டாவது எண்தான் எல்லாரையும் ஏமாற்றியது. "நாலு நாளாகியும் அசையவில்லை, அப்படியானால் பெரிய பாதிப்பு இருக்காது" என்று அடுத்த தேதி தள்ளிப் போடப்பட இருந்தது. மருந்தாளுநர் வற்புறுத்தியதால் ஒன்பதாம் நாள் மறுபடி இரத்தம் எடுத்தார்கள்: 2.2. அளவு 4.5 மி.கி. ஆனது. பதின்மூன்றாம் நாள் 1.6. உலோக மைட்ரல் வால்வில் இந்த எண் ஆபத்தானது. வால்வில் இரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரலாம், வால்வே சிக்கி நின்றுபோகலாம். இரத்தம் உறையாமல் விரைவாகத் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசி 12 மணிக்கு ஒருமுறை 40 மி.கி. தொடங்கி, வார்ஃபாரினை 5.5-க்கு உயர்த்தினார்கள். பதினேழாம் நாள் 1.5, அளவு 7. இருபத்து நான்காம் நாள் 1.9, அளவு 8. முப்பத்து நான்காம் நாள்தான் 2.7 வந்தது, ஊசி நிறுத்தப்பட்டது. ஆறாம் வாரத்துக்குப் பிறகு 9 மி.கி.யில் நிலைபெற்றது. 3.5 எங்கே, 9 எங்கே: 2.6 மடங்கு. ரிஃபாம்பிசினோடு வார்ஃபாரின் தேவை 2 முதல் 5 மடங்கு வரை உயரலாம் என்பதால் இது விதிவிலக்கான எண் அல்ல.

பதின்மூன்றாம் நாள் வார்ஃபாரின் கிளினிக்கில் நடந்த பேச்சு, இங்கே பலரும் தவறும் இடத்தைக் காட்டும்.

"புரட்டாசிக்குக் கீரை கூடுதலாச் சாப்பிடுறீங்களாம்மா? மாத்திரை ஏதும் விட்டுப்போச்சா?"

"மாத்திரை விடல மிஸ். தண்டுக்கீரை, முருங்கைக்கீரை உண்டுதான். ஆனா வருசா வருசம் இதே விரதந்தானே இருக்கேன்?"

கையேட்டின் முந்தைய பக்கத்தைப் புரட்டினால் பதில் கிடைத்தது. போன ஆண்டுப் புரட்டாசியில் ஐஎன்ஆர் 2.6. கீரையின் வைட்டமின் கே ஐஎன்ஆரைச் சற்று இறக்கும் என்பது உண்மை, 2.9-ஐ 1.6 ஆக்கும் அளவுக்கு அதே கீரைக்கு இந்த ஆண்டு புதிதாக வலிமை வந்துவிடாது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று அவரே சொன்னதால் ரிஃபாம்பிசின் உடலில் ஏறியிருப்பதும் தெரிந்தது. கீரையைக் குறை சொல்லி, நோயாளி மாத்திரை விழுங்கவில்லை என்று சந்தேகப்பட்டு இன்னும் ஒரு வாரம் கடத்தியிருந்தால் வால்வு பொறுத்திருக்குமா என்று சொல்ல முடியாது.

ஒரே மருந்து, இரண்டு படியெடுப்பு இயந்திரங்கள்

ரிஃபாம்பிசினை நாம் கிருமிக்கொல்லியாகவே பார்க்கிறோம். அதன் வேலையே படியெடுப்பை, அதாவது மரபணுவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதுவதை, முடக்குவது. அதை எழுதும் நொதியான பாக்டீரியாவின் ஆர்என்ஏ பாலிமரேஸில் பீட்டா துணையலகில் ஒட்டிக்கொண்டு, புதிதாக எழுதப்படும் ஆர்என்ஏ வெளியேறும் வழியை அடைத்துவிடும். இரண்டு மூன்று எழுத்து சேர்ந்ததும் இழை முட்டி நின்றுவிடும். ஜீன்எக்ஸ்பர்ட் தேடுவதும் இந்தத் துணையலகுக்கான ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள சிறு பகுதியில் மாற்றம் இருக்கிறதா என்பதைத்தான். சிகிச்சை அளவில் நம் செல்லின் பாலிமரேஸை இந்த மருந்து தொடுவதில்லை.

ஆனால் ஈரல் செல்லில் அது நேர் எதிரான வேலையைச் செய்கிறது: படியெடுப்பைத் தூண்டிவிடுகிறது. அங்கே அது பற்றுவது பிஎக்ஸ்ஆர் என்ற உட்கரு ஏற்பியை. 1998-ல் இனங்காணப்பட்ட இந்த ஏற்பி, உடலுக்குள் வரும் அந்நிய வேதிப்பொருள்களை மோப்பம் பிடிக்கும் காவலாளி. பெரும்பாலான ஏற்பிகளின் பை (மூலக்கூறு பொருந்தும் குழி) ஒரே மூலக்கூறுக்கு அளவெடுத்தது போல இருக்கும். பிஎக்ஸ்ஆரின் பை பெரியது, வளைந்து கொடுப்பது. அதனால்தான் 823 டால்டன் எடையுள்ள ரிஃபாம்பிசினும் உள்ளே நுழைகிறது. எலியின் பிஎக்ஸ்ஆருக்கு இந்த மருந்து பொருந்தாது. எலியில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்த வினை கண்ணிலேயே படாமல் போகும்.

ஈரல் செல்லுக்குள்: ஒவ்வொரு படியிலும் ஒரு பூட்டு

வார்ஃபாரின் இரண்டு ஆடிப்பிம்ப வடிவங்களின் கலவை. வீரியம் கூடிய எஸ் வடிவத்தைப் பெரும்பாலும் சிஒய்பி2சி9 என்ற ஈரல் நொதி சிதைக்கிறது. ஆர் வடிவத்தைச் சிதைப்பவற்றில் சிஒய்பி3ஏ4 ஒன்று. இந்த இரண்டு நொதிகளின் மரபணுக்களும் பிஎக்ஸ்ஆரின் ஆணைக்குள் வருகின்றன.

முதல் பூட்டு, செல் எது என்பது. உடலின் எல்லாச் செல்லிலும் சிஒய்பி2சி9 மரபணு இருக்கிறது; தசைச் செல்லில் அது நியூக்ளியோசோம்களில் (புரத உருண்டைகளில்) இறுகச் சுற்றிக் கிடக்கிறது. ஈரல் செல்லில் எச்என்எஃப்4-ஆல்பா போன்ற காரணிகள் ஏற்கெனவே அந்த இடத்தில் அமர்ந்து, டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த சுருளான குரோமாட்டினைத் திறந்து வைத்திருக்கின்றன. அவை இல்லாவிட்டால் பிஎக்ஸ்ஆர் வந்தும் பயன் இல்லை. மருந்து இரத்தத்தோடு உடல் முழுவதும் ஓடினாலும் விளைவு முக்கியமாக ஈரலிலும் குடலிலும் எழுவது இதனால்தான்.

அடுத்தது, அடக்கி வைத்திருப்பவரை விரட்டுவது. மருந்து இல்லாத பிஎக்ஸ்ஆரோடு எஸ்எம்ஆர்டி போன்ற துணை ஒடுக்கிகள் ஒட்டிக்கொண்டு, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் இடத்தைத் திறந்து வைக்கும் அசிட்டைல் குறிகளை அழித்து, இடத்தை மூடியே வைக்கின்றன. ரிஃபாம்பிசின் பையில் ஏறியதும் ஏற்பியின் வால்பகுதிச் சுருள் இடம் மாறுகிறது. ஒடுக்கி நழுவுகிறது, எஸ்ஆர்சி-1 போன்ற துணைத் தூண்டி வந்து பற்றுகிறது. அதன் பின்னால் வரும் நொதிகள் ஹிஸ்டோன் வால்களில் அசிட்டைல் குறி இடுகின்றன.

பிஎக்ஸ்ஆர் தனியாக டிஎன்ஏவைப் பிடிப்பதில்லை. ஆர்எக்ஸ்ஆர் என்ற கூட்டாளியோடு சோடியாகத்தான் பிடிக்கும். அது தேடுவது ஏஜிஜிடிசிஏ என்பதை ஒத்த ஆறெழுத்துச் சொல் இரண்டு முறை வரும் இடத்தை. இரண்டுக்கும் நடுவே எத்தனை எழுத்து இடைவெளி, இரண்டும் ஒரே திசையா எதிர்த்திசையா என்பதே முகவரி. சிஒய்பி2சி9-ல் இது தொடக்கப் புள்ளிக்கு ஏறக்குறைய 1,800 எழுத்து மேலே, ஒரே திசையில் நான்கெழுத்து இடைவெளியோடு இருக்கிறது. சிஒய்பி3ஏ4-ல் ஒன்று தொடக்கத்துக்குப் பக்கத்தில், எதிர்த்திசையில் ஆறெழுத்து இடைவெளியோடு. இன்னொரு கொத்து 7,000 எழுத்துக்கும் அப்பால். அவ்வளவு தொலைவில் இருப்பது எப்படிப் பேசும்? நடுவில் உள்ள டிஎன்ஏ வளைந்து கொடுக்க, மீடியேட்டர் என்ற பெரிய புரதக் கூட்டம் இரு முனைகளையும் இணைக்கிறது.

பிறகு புரொமோட்டரில் (மரபணுவின் தொடக்கப் பகுதியில்) டிஎஃப்ஐஐடி, டிஎஃப்ஐஐபி முதலான புரதங்கள் வரிசையாக அமர்ந்து பாலிமரேஸ் 2-ஐ இருத்துகின்றன. டிஎஃப்ஐஐஎச் டிஎன்ஏ இழைகளைப் பிரித்து, பாலிமரேஸின் வாலில் ஐந்தாம் செரினில் பாஸ்பேட் இடுகிறது. எழுத்து தொடங்குகிறது. 20 முதல் 60 எழுத்துக்குள் பல மரபணுக்களில் பாலிமரேஸ் நின்றுவிடும். டிஎஸ்ஐஎஃப், நெல்ஃப் என்ற இரண்டும் அதைப் பிடித்து வைத்திருக்கும். பி-டெஃப்பி என்ற நொதி வந்து அவற்றிலும் வாலின் இரண்டாம் செரினிலும் பாஸ்பேட் இட்டால்தான் நெல்ஃப் விலகி ஓட்டம் தொடரும். இழையின் தலைக்குத் தொப்பி போடும் வேலையும் இந்த நிறுத்தத்தின் போதுதான் முடிகிறது. நிறுத்தம் என்பது வீண் தாமதம் அல்ல. பாதி வெந்ததை அனுப்பாமல் சரிபார்க்கும் இடம்.

ஓட ஆரம்பித்தால் பாலிமரேஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 எழுத்து போகும். சிஒய்பி2சி9 மரபணு சுமார் 50,000 எழுத்து நீளம். ஒரு முழுப் படி எடுக்க 25 நிமிடம் போதும். சுமார் 27,000 எழுத்துள்ள சிஒய்பி3ஏ4-க்குப் பதினைந்து நிமிடம்கூட வேண்டாம். தேவையற்ற இடைத்துண்டுகளான இன்ட்ரான்களை வெட்டுவது, வால் சேர்ப்பது, உட்கருவைவிட்டு வெளியேற்றுவது எல்லாம் சேர்த்தாலும் முதல் வேளை மருந்து விழுங்கிய அன்றே, புரதம் கட்ட உதவும் படியான எம்ஆர்என்ஏ ஏறத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் இரண்டு வாரம் எங்கே போயிற்று?

இதுவே இந்த நிகழ்வின் மையம். புரதத்தின் அளவு புதிய நிலையை எட்டும் வேகத்தைத் தீர்மானிப்பது உற்பத்தி வேகம் அல்ல, சிதையும் வேகம். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது தொட்டியின் இறுதி நீர்மட்டத்தைச் சொல்லும். அந்த மட்டத்துக்கு வரும் காலத்தை அடியில் உள்ள வடிகால்தான் சொல்லும். ஈரலில் சிஒய்பி நொதிகளின் அரை ஆயுள் (பாதி குறைய ஆகும் காலம்) ஒன்றிரண்டு நாளிலிருந்து பல நாள் வரை மதிப்பிடப்படுகிறது. கணக்குக்கு 4 நாள் என்று வைத்துக்கொள்வோம்; நொதி கடைசியில் 2.6 மடங்காகும் என்றும் வைப்போம்.

தொடக்கத்தில் 1. நான்காம் நாள் பாதி வழி, 1.8 மடங்கு. எட்டாம் நாள் 2.2. பன்னிரண்டாம் நாள் 2.4. பதினாறாம் நாள் 2.5. அதற்குப் பிறகு மாற்றம் சொற்பம்.

நான்காம் நாள் நொதி கிட்டத்தட்ட இரட்டித்திருக்கும்போது ஐஎன்ஆர் 3.0 காட்டியது எப்படி? நொதிக்கும் ஐஎன்ஆருக்கும் நடுவில் இன்னும் இரண்டு தாமதம் உண்டு. இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் வார்ஃபாரின் குறைய வேண்டும். அதன் அரை ஆயுள் சராசரியாக 40 மணி. அது குறைந்த பிறகு ஈரல் உறைகாரணிகளை (இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை) மறுபடி நிரப்ப வேண்டும். ஏழாம் காரணியின் அரை ஆயுள் 6 மணி. ஆனால் இரண்டாம் காரணிக்கு 60 மணிக்கும் மேல். போதாக்குறைக்கு, ஐசோனியாசிட் சில சிஒய்பி நொதிகளைச் சற்றுத் தடுப்பதால் தொடக்க நாள்களில் ஐஎன்ஆரை அது எதிர்ப்பக்கம் இழுக்கக்கூடும். நான்காம் நாள் எண் நிம்மதி தருவதற்கான எண்ணே அல்ல.

காலத்தைப் பார்த்தே இயக்கத்தைக் கண்டுபிடிக்கவும் முடியும். ஃப்ளூகொனசோல், மெட்ரோனிடசோல் போன்றவை நொதியின் மேலேயே உட்கார்ந்து தடுப்பவை. மரபணுவுக்கு அங்கே வேலை இல்லை. ஐஎன்ஆர் சில நாளில் ஏறிவிடும். ஒரு வாரம் அமைதியாக இருந்து பிறகு சரிவது படியெடுப்பு மாறியதன் கையொப்பம். ரிஃபாம்பிசின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தக் காலக்கெடு பெரிதாக மாறாது.

ஆறாம் மாத முடிவு: இரண்டாவது தவறு

மார்ச்சில் காசநோய் மருந்து நிறைவடைந்தது. சளி சுத்தம், எடை கூடியிருந்தது. காசநோய்ப் பிரிவு அட்டையை மூடியது. வார்ஃபாரின் பிரிவுக்கு அந்தத் தேதி போய்ச் சேரவில்லை. மருந்து நின்ற நான்காம் நாள் வேறொரு காரணத்துக்காக எடுத்த ஐஎன்ஆர் 3.2, எல்லைக்குள் இருக்கிறது என்று 9 மி.கி.யே தொடர்ந்தது. பதினைந்தாம் நாள் பல் துலக்கும்போது ஈறு கசிந்து நிற்கவில்லை, கையில் காரணமில்லாத நீலக் கன்றல்கள். ஐஎன்ஆர் 6.4.

ரிஃபாம்பிசின் உடலைவிட்டு ஒரு நாளுக்குள் போய்விடுகிறது. தொடர்ந்து உட்கொள்பவரில் அதன் அரை ஆயுள் 2 முதல் 3 மணிதான். பிஎக்ஸ்ஆரின் பை காலியாகி, ஒடுக்கி திரும்பி, அசிட்டைல் குறிகள் அழிந்து, படியெடுப்பு பழைய மெல்லிய சொட்டுக்கு வந்துவிடுகிறது. ஏற்கெனவே கட்டிய நொதி அப்படியே நின்று, தன் ஆயுள் கணக்கில் கரைகிறது. அதே 4 நாள் கணக்கு: நான்காம் நாள் 1.8, எட்டாம் நாள் 1.4, பன்னிரண்டாம் நாள் 1.2, பதினாறாம் நாள் 1.1. பதினைந்தாம் நாளில் அவர் ஏறக்குறைய பழைய ஈரலோடு இரண்டரை மடங்கு வார்ஃபாரின் விழுங்கிக்கொண்டிருந்தார்.

வார்ஃபாரின் இரண்டு வேளை நிறுத்தி, வைட்டமின் கே 1 மி.கி. வாய்வழி கொடுக்கப்பட்டது. உலோக வால்வு இருப்பவருக்குப் பெரிய அளவு கொடுத்தால் ஐஎன்ஆர் தரைமட்டமாகி, பிறகு பல நாள் வார்ஃபாரினுக்கு வசப்படாமல் போகும். அதனால் சிறிய அளவு. பதினேழாம் நாள் 3.4. அன்று மாலை 4 மி.கி.யில் மறுபடி தொடங்கி, நான்காம் வாரம் 3.5 மி.கி.க்கு வந்து, ஐஎன்ஆர் 2.8-ல் நின்றது.

ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒன்றல்ல

தொடங்கும்போது இந்த நோயாளிக்கு நொதி எத்தனை மடங்காகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். அதனால் முதல் நாளே அளவை இரட்டிப்பது தவறு. ஐஎன்ஆரைத் தொடர்ந்துதான் போக வேண்டும். முதல் வாரத்தின் முடிவிலிருந்து வாரம் இரண்டு முறை, நிலைபெறும் வரை. அதுவரை காப்பு ஊசிக்கான திட்டம் கையில் இருக்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மாத்திரைகளுக்கு மாற்றுவது இங்கே வழியாகாது. உலோக வால்வுக்கு அவை ஆகாது. போதாததற்கு அவற்றையும் ரிஃபாம்பிசின் இதே பிஎக்ஸ்ஆர் வழியாகக் குறைத்துவிடுகிறது.

நிறுத்தும்போது நிலைமை வேறு. மடங்கு எவ்வளவு என்பதை நோயாளியின் உடலே ஆறு மாதமாக எழுதிக் காட்டியிருக்கிறது: 9-ஐ 3.5-ஆல் வகுத்தால் வரும் 2.6. பழைய அளவும் கையேட்டில் இருக்கிறது. இரண்டையும் வைத்து இறங்கும் படிகளை மருந்து நிற்பதற்கு முன்பே வரைந்துவிடலாம். மேலே உள்ள நொதிக் கணக்கை 3.5-ஆல் பெருக்கினால் நான்காம் நாள் 6.3, எட்டாம் நாள் 4.9, பன்னிரண்டாம் நாள் 4.2, பதினாறாம் நாள் 3.8 மி.கி. இது மருந்துச்சீட்டு அல்ல; எந்த நேரத்தில் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்கான கோடு. வாரம் இரண்டு முறை ஐஎன்ஆர் பார்த்து, கோட்டைவிட்டு விலகினால் திருத்த வேண்டும். நிறுத்திய பிறகு குறைந்தது நான்கு வாரம் கண்காணிப்பு தளரக் கூடாது.

வார்ஃபாரினுக்கு மட்டும் இந்தக் கணக்கு உரியதன்று. கருத்தடை மாத்திரை, பிரெட்னிசொலோன், வலிப்பு மருந்துகள் சில, எச்ஐவி மருந்துகள் சில என்று பட்டியல் நீளும். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ஐஎன்ஆர் போல விரலில் குத்திப் பார்க்கும் அளவுகோல் கிடையாது. கருத்தடை மாத்திரை பலன் இழந்தது கர்ப்பம் தங்கிய பிறகுதான் தெரியவரும்.

இந்த நிகழ்வில் விடுபட்டது ஒரு வரி. காசநோய் அட்டையின் முகப்பில் "வார்ஃபாரின் உட்கொள்பவர்; ரிஃபாம்பிசின் நிறுத்தும் தேதியை இரண்டு வாரம் முன்பே வார்ஃபாரின் கிளினிக்குக்குச் சொல்லவும்" என்றும், வார்ஃபாரின் கையேட்டின் முகப்பில் "ரிஃபாம்பிசினுக்கு முன் 3.5 மி.கி." என்றும் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.